செட்டிநாட்டில் முதல் குறும்படம்: கருவைத் தேடவும் கையைப் பழக்கவும் ஒரு வழிகாட்டி

கேமராவோடு செட்டிநாட்டுக்கு வரும் மாணவர்களில் பலர் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பூட்டிய பெரிய வீடு, முற்றத்தில் சரியும் வெயில், தேக்குத் தூணை வருடும் ஒரு முதிய கை, பின்னணியில் சோகமாகப் புல்லாங்குழல். ஒவ்வொரு பிரேமும் அழகாகவே இருக்கும். ஆனாலும் இரண்டாவது நிமிடத்தில் பார்ப்பவருக்குக் கவனம் கலைந்துவிடும். அந்தப் படத்தில் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை என்பதே காரணம். வீடு இருக்கிறது, அந்த வீட்டில் இன்றைக்கு நடந்தாக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை.

படமெடுக்கக் கற்றுக்கொள்ள இது அருமையான சீமை. காரைக்குடியை நடுவில் வைத்துப் பேருந்திலேயே சுற்றினால் ஆத்தங்குடிக் கல் பட்டறை, கண்டாங்கிச் சேலைத் தறி, பழைய சாமான் விற்கும் தெரு, பலகாரம் சுடும் வீடு, மண்குதிரை செய்யும் வேளார் குடும்பம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சுவரைப் பார்த்துக் கரு தேடாதீர்கள், வேலை செய்யும் கையைப் பாருங்கள். யார், எந்த வேலையை, எதற்குள் முடித்தாக வேண்டும் என்று கேளுங்கள். காட்சித் தொடர்பியல் படிப்பவருக்கும், வகுப்புக்கே போகாமல் போனில் எடுக்க நினைப்பவருக்கும் கீழே உள்ள வரிசை பொருந்தும். வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கினால் எட்டு வாரத்தில் ஐந்தாறு நிமிடப் படம் ஒன்று முடியும்.

முதல் வாரம்: கருவி, அதன் அமைப்பு

கடந்த நான்கைந்து ஆண்டில் வந்த போன் எதுவும் போதும். அதோடு போன் பிடிப்பான் உள்ள ஒரு டிரைபாட், ஒரு காலர் மைக், காதை மூடும் ஹெட்போன், பவர் பேங்க், நூறு பக்க நோட்டு. செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் மைக்குக்கும் டிரைபாட்டுக்கும் செலவழியுங்கள். லென்ஸ், விளக்கு, ஆட்டத்தை அடக்கும் கிம்பல் எல்லாம் இரண்டாவது படத்துக்கு.

போனோடு வரும் கேமரா செயலி வெளிச்சத்தையும் போகஸையும் தன் போக்கில் மாற்றிக்கொண்டே இருக்கும். கையால் பூட்டக்கூடிய செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். பிளாக்மேஜிக் கேமரா இலவசமாகவே கிடைக்கிறது. அதில் செய்ய வேண்டியவை: நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) பூட்டு, போகஸ் பூட்டு, உள்ளறையில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) முடிந்தவரை 800க்குள். பல போன்கள் 30 பிரேமில்தான் தொடங்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் 1/60இல் இருந்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாமல் படத்தில் வரிவரியாக இருட்டு ஓடும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. 1/50 அல்லது 1/100 வைத்தால் இந்தத் தொல்லை வராது. வெளியே நடு வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். அங்கே துடிக்கும் விளக்கு இல்லை என்பதால் ஷட்டர் வேகத்தைத் தாராளமாகக் கூட்டலாம், அல்லது லென்ஸ்மேல் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் மாட்டலாம்.

1080 அளவிலேயே எடுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 4 முதல் 8 ஜிபி ஆகும். 4கே என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. பாதியில் இடம் தீர்ந்து, எதை அழிப்பது என்று போனை நோண்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் நல்ல ஷாட் கண்முன்னால் கடந்து போகும். எடுக்கும்போது ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும்.

இந்த வாரப் பயிற்சி எளிது. கழனிவாசல் சந்தையோ பேருந்து நிலையமோ ஊருணிக் கரையோ, ஏதோ ஓர் இடம். கேமராவை அசைக்காமல் பத்து ஷாட், ஒவ்வொன்றும் 30 நொடி. ஜூம் கிடையாது, பேன் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது) கிடையாது. ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு காரியம் தொடங்கி முடிய வேண்டும்: ஒருவர் குடத்தை இறக்கிவைத்து மறுபடி எடுக்கிறார், டீ ஆற்றிக் கொடுக்கப்படுகிறது, பேருந்து வந்து கிளம்புகிறது. புதியவர்கள் எட்டு நொடியில் பதிவை நிறுத்திவிடுவார்கள். காரியம் முடிந்தபின் ஐந்து நொடி பொறுத்திருங்கள். எடிட் செய்யும்போது வெட்டுவதற்கான இடம் அந்த ஐந்து நொடியில்தான் இருக்கும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: ஒரு வேலையை முழுதாக எடுப்பது

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பேச்சோ பாட்டோ இல்லாமல், ஒரு பொருள் உருவாவதை இரண்டு நிமிடத்தில் காட்டுங்கள். பார்ப்பவர் அதற்குமுன் அந்தப் பொருளைக் கண்டிராதவராக இருந்தாலும் எப்படிச் செய்கிறார்கள் என்பது அவருக்குப் புரிய வேண்டும். இதற்கு ஆத்தங்குடிக் கல்லைவிட நல்ல பாடம் இந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு கல் அச்சில் உருவாவது சில நிமிட வேலை. அதே வேலை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரு கோணம் தவறினால் அடுத்த கல்லில் பிடித்துவிடலாம். நடிகரைத் திரும்பச் செய்யச் சொல்லத் தேவையில்லாத ஒத்திகை இது.

வேலையின் வரிசையை முதலில் நோட்டில் எழுதுங்கள். கண்ணாடித் தகட்டைத் துடைத்துக் கீழே வைக்கிறார்கள். சட்டத்துக்குள் பூவேலை அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணம் கரைத்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்குகிறார்கள். மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவுகிறார்கள், அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறுகிறது. பிறகு வெளியே எடுத்து உலர்த்துகிறார்கள். சூளை கிடையாது, சுடுவதும் கிடையாது. கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம்தான் கல்லின் மேல்முகம். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது.

இப்போது ஒவ்வொரு செயலுக்கும் மூன்று ஷாட் எடுங்கள்: ஆளும் இடமும் தெரியும் தூரக்காட்சி, இடுப்பளவு, கையும் பொருளும் மட்டும் நிறையும் நெருக்கம். ஆறு செயலுக்குப் பதினெட்டு ஷாட். அதோடு முகம் மட்டும் நான்கு. வேலையைப் பார்க்கும் கண்ணை எடுங்கள், கேமராவைப் பார்க்கும் கண் வேண்டாம்.

இங்கே வழக்கமாக நான்கு தவறு நடக்கும். முதலாவது, கேமரா தொழிலாளியின் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மாறி மாறிப் போகும். வெட்டி ஒட்டினால் கரண்டி ஒரு ஷாட்டில் இடமிருந்து வலமாகவும் அடுத்ததில் வலமிருந்து இடமாகவும் பாயும். தொழிலாளிக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கோட்டை மனத்தில் போட்டு, அன்று முழுக்க அதன் ஒரே பக்கத்தில் நில்லுங்கள். இரண்டாவது, வண்ணம் மாறிவிடும்: தூரக்காட்சியில் மஞ்சள் பூ, நெருக்கத்தில் பச்சைப் பூ. எந்த அச்சு, எந்த நிறம் என்று ஷாட் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, அச்சைத் தூக்கும் அந்த நொடியை மேலிருந்து பிடிக்காமல் விட்டுவிடுவார்கள். பூ முழுதாகத் தெரிவது அப்போதுதான். டிரைபாட்டை உயர்த்தி, போனை நேர் கீழ்நோக்கி வைத்து, அதற்கென்றே இரண்டு கல்லை ஒதுக்குங்கள். நான்காவது, அன்று காலை ஊற்றிய கல்லே மாலையில் கண்ணாடியை விட்டு வரும் என்று காத்திருப்பார்கள். வராது. ஏற்கெனவே தொட்டியில் ஊறிய கல்லை எடுங்கள். தகட்டின் அளவும் பூவும் ஒன்றாக இருந்தால் போதும்.

பட்டறையில் தூசி மைக்குக்குள் போகும். பாலிதீன் உறை கொண்டுபோங்கள். துண்டு வேலைக்குக் கூலி வாங்குபவரை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் அவர் வருமானம் குறையும். நிறுத்தாமல் எடுங்கள், நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த நேரத்துக்குப் பணம் கொடுத்துவிடுங்கள்.

கல் பட்டறை தோதுப்படாவிட்டால் வேறு வேலை: ஓலைக் கொட்டான் முடைவது, வெள்ளைப் பணியாரம் ஊற்றுவது, தறியில் கண்டாங்கி ஏறுவது. தறி எடுப்பவர் கவனிக்க: கண்டாங்கிக் கட்டம் மிக நெருக்கமாக அமைந்தால் தூரக்காட்சியில் கோடுகள் அலையலையாக நடுங்கித் தெரியும். கேமராவைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தினால் அடங்கும்.

நான்காம் வாரம்: கரு

பலர் இந்த இடத்தில்தான் முதல் நாளிலேயே வந்து உட்கார்ந்து தவிக்கிறார்கள். "தனிமை", "மரபு", "காலமாற்றம்", "வேர்கள்" என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போடுகிறார்கள். இவற்றைக் கேமரா படமெடுக்க முடியாது. அதனால் மூன்று வாரம் கையைப் பழக்கிவிட்டு இங்கே வருவது நல்லது. அதற்குள் நீங்கள் ஏழெட்டு மனிதர்களோடு பழகியிருப்பீர்கள்.

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பார்த்தது, இரண்டாவதில் கேட்டது, மூன்றாவதில் புரியாதது. ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும். மூன்றாவது பத்திதான் கருவின் கிடங்கு. "இந்த வீட்டில் ஆறு அறைக்கும் தனித்தனிப் பூட்டு, ஏன்?" "கல்யாணத்துக்கு மட்டும் திறக்கும் வீட்டைத் தினமும் யார் கூட்டுகிறார்கள்?" "மழை வந்தால் காயாத மண்குதிரையை எங்கே வைப்பார்கள்?" இவை கேள்விகள், படமாகக்கூடியவை. "அழிந்துவரும் கலை" என்பது தீர்ப்பு. தீர்ப்போடு தொடங்கியவருக்குத் தேட எதுவும் மிச்சமிருக்காது.

கிடைத்த கேள்வியை இந்த ஒற்றை வரிக்குள் அடக்கிப் பாருங்கள்: இன்னார், இந்த நேரத்துக்குள், இதை முடிக்க வேண்டும், ஆனால் இது குறுக்கே நிற்கிறது. நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் கரு இன்னும் பழுக்கவில்லை.

"தனிமை" என்று எழுதியவருக்காக ஒன்று செய்துபார்ப்போம். ஆச்சி ஒருவர் பெரிய வீட்டில் இருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் இன்று பிள்ளையார் நோன்பு என்பதால் சாமி அறையைப் பார்க்க ஆசைப்படுகிறான். வீடியோ காலில் சிக்னல் முகப்பில்தான் வருகிறது. கனத்த சுவரைத் தாண்டி வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) வந்ததும் படம் உறைந்துவிடுகிறது. நோன்புக்கு ஏற்றிய இழை விளக்கு அணைவதற்குள் காட்ட வேண்டும். ஆச்சி என்ன செய்வார்? இப்போது நடக்க இடம் இருக்கிறது, நேரம் ஓடுகிறது, வீட்டின் நீளம் கதைக்குள் வந்துவிடுகிறது. தனிமை என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கத் தேவையில்லை.

"காலமாற்றம்" என்றால், ஒரு வளவில் மணமான மகன் ஒவ்வொருவருக்கும் அறை ஒதுக்கிய வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறை கடந்தால் பங்காளிகள் எண்ணிக்கை பெருகி, சாவிகள் பல ஊருக்குப் போய்விடுகின்றன. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கிறது. பாத்திரம் இருக்கும் அறையின் சாவி கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பாவிடம். அவருக்கும் பெண் வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்ன செய்கிறார் என்பதே படம். கதை முழுக்க அவர் பக்கத்தில் நில்லுங்கள். உரிமையாளர் பக்கமிருந்து சொன்ன படங்கள் ஏற்கெனவே நிறைய உண்டு.

ஆவணப்படம் விரும்புவோருக்குக் காலக்கெடுவோடு வரும் விஷயங்களே மேல். ஐயனாருக்குக் குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு மண்குதிரை செய்யும் வேலையில் நாள் குறித்தாகிவிடும், மண் காய வேண்டும், சூளை வைக்க வேண்டும், ஊர் கூடித் தூக்கிப்போக வேண்டும். தொடக்கம், இடைஞ்சல், முடிவு மூன்றும் வேலைக்குள்ளேயே இருக்கின்றன. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியும் அப்படித்தான். ஆனால் தனி ஆளாக அத்தனை நாளும் உடன் நடந்து எடுப்பது முதல் படத்துக்குக் கனம். கிளம்புவதற்கு முந்தைய ஒரு நாளை மட்டும் எடுங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டை முதல் படமாக எடுக்காதீர்கள். மாடு எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாத பொட்டலில் டிரைபாட்டோடு நிற்பது உயிருக்கு ஆபத்து. மாட்டை வளர்ப்பவர் வீட்டுக் காலைப்பொழுதில் அதைவிட நல்ல படம் இருக்கிறது.

இன்னொரு வழி, புதிதாக எதையும் எடுக்காமல் ஏற்கெனவே இருப்பதைத் தேடுவது. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார் உலகின் பல மூலைகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களை அலைந்து சேகரித்து, 1940இல் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களில் பர்மா, மலாயா, இலங்கைக் காலத்துப் புகைப்படங்களும் கடிதங்களும் கணக்கேடுகளும் இன்னும் இருக்கின்றன. ஒரே ஒரு புகைப்படத்தை எடுத்து, அதில் இருப்பவர்கள் யார் யார் என்று நான்கு உறவினரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். நான்கு பேரும் ஒன்றுபோல் சொல்ல மாட்டார்கள். அந்த வேறுபாடு உங்கள் படம். பழைய அச்சு நூல், இதழ் தேவைப்பட்டால் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இயங்குகிறது. சினிமாவே கருவாக வேண்டும் என்பவர்களுக்கும் வேலை உண்டு. ஏ.வி.எம். சென்னைக்குப் போகுமுன் காரைக்குடியில்தான் இயங்கியது; 1947இல் வந்த "நாம் இருவர்" இங்கே எடுத்தது. அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தை விசாரித்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதே ஓர் ஆவணப்படத்தின் முதுகெலும்பாக இருக்கும்.

புகைப்படத்தை எடுக்கும்போது கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் கிழிந்துவிடும். சட்டத்தைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் சாய்த்து, போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு மறையும்.

ஐந்தாம் வாரம்: அனுமதி

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் "எடுத்துக்கங்க தம்பி" என்று சொன்னது போதாது. வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாக இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பின்னால் ஆட்சேபித்தால் வேலை போவது பார்த்துக்கொள்பவருக்குத்தான். பொறுப்பில் உள்ள உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், எந்தப் பகுதிகள், படம் எங்கே வெளியாகும் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். பெரிய படக்குழுக்கள் வந்துபோன வீடுகளில் வாடகை கேட்பார்கள். மூன்று பேர், ஒரு போன், ஜெனரேட்டர் இல்லை, மரச்சாமான்களை நகர்த்த மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிக் கல்லூரிக் கடிதத்தைக் காட்டினால் பலர் தணிந்து வருவார்கள். வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் முகப்பும் திண்ணையும் உள்ள சின்ன வீட்டைத் தேடுங்கள். கதைக்குப் பெரிய வீடு தேவையா என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

கோயிலுக்குள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. திருமயம் கோட்டை தொல்லியல் துறைக்கு உரியது, ரயில் நிலையம் ரயில்வேக்கு உரியது. இரண்டுக்கும் தனித்தனி அனுமதி, நாள் பிடிக்கும். ட்ரோனை இந்தப் படத்தில் மறந்துவிடுங்கள். சிறுவர்களை எடுத்தால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டிரைபாட்டின் காலுக்கும் துணி சுற்றுங்கள். கல் தரையில் கீறல் விழுந்தால் அந்தத் தெருவில் அடுத்த மாணவருக்குக் கதவு திறக்காது.

ஆறாம் வாரம்: வெளிச்சமும் ஒலியும்

இந்த வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டவை. முன்வாசலில் நின்றால் நேர்கோட்டில் பின்கட்டு வரை கண் போகும். காலை வெயில் வாசல் வழியாக உள்ளே நெடுந்தூரம் படரும் நேரம் அரை மணிதான். அது வேண்டுமென்றால் முந்தின நாளே வந்து கடிகாரம் பார்த்துக் குறித்துவையுங்கள். முற்றத்து வெயில் மாதத்துக்கு மாதம் மாறும். சித்திரைத் தொடக்கத்தில் நடுப்பகல் சூரியன் இங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும், ஆவணியில் மறுபடியும் அப்படி. வெயில் முற்றத்துத் தரையில் செங்குத்தாக விழுந்து மேல்நோக்கித் தெறிக்கும், முகம் அடியிலிருந்து வெளிச்சம் பட்டு விகாரமாகத் தெரியும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் முற்றத்தின் வடபுறத் தாழ்வாரத்தில் வெயில் ஏறும். எந்த மாதமானாலும் ஆட்களை எடுக்கக் காலை 9 முதல் பத்தரை, மாலை மூன்றரை முதல் 5 வரை பாதுகாப்பான நேரம்.

பேச வைக்கும் ஆளை நிழல் பக்கத் தாழ்வாரத்தில், முற்றத்து விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே உட்காரவையுங்கள். முகம் முற்றத்துக்குப் பாதி திரும்பியிருக்கட்டும். பின்னால் இருட்டான அறை வாசல் வந்தால் முகம் தனியாக எழும்பும். வெளிச்ச அளவை முகத்துக்கு வைத்துப் பூட்டுங்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் தானே சமன் செய்யப் பார்க்கும் எச்டிஆர் வீடியோவைப் போனில் அணைத்துவிடுங்கள். முற்றம் அவர் முதுகுக்குப் பின்னால் வந்தால் முகம் கருநிழலாகிவிடும் அல்லது முற்றம் வெள்ளைத் தாளாகிவிடும். இரண்டில் ஒன்று நிச்சயம்.

ஒலிதான் செட்டிநாட்டு வீடுகளில் பெரிய எதிரி. வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், கல் தரை, உயரமான கூரை எல்லாம் குரலைத் திருப்பி அடிக்கும். உட்காருமுன் ஒருமுறை கைதட்டிக் கேளுங்கள். ஒலி இழுத்துக்கொண்டே போனால் அங்கே பேட்டி வேண்டாம். துணியும் சாமானும் நிறைந்த சின்ன அறைக்கு மாறுங்கள். மாற முடியாவிட்டால், பேசுபவர் முன்னால் தரையில் ஒரு ஜமக்காளம், கேமராவுக்குப் பின்னால் கொடியில் இரண்டு கனத்த போர்வை. காலர் மைக் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே. கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் மைக் உரசினால் கரகரக்கும். ஆச்சியிடமே கொடுத்து, மடிப்பின் மேல்விளிம்பில் அவரே குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஒலி மீட்டர் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி ஆடட்டும். சிரிப்பில் பூஜ்யத்தைத் தொட்டால் உடைந்த ஒலியை யாராலும் ஒட்ட முடியாது. மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும், அதனால் வயதானவர்களைப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேச வைக்காதீர்கள். இடைவேளையில் விசிறியைப் போட்டுத் தண்ணீர் கொடுங்கள். கடைசியில் எல்லோரும் அசையாமல் இருக்க, அறையின் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். இதை மறந்தால் வெட்டும் இடமெல்லாம் ஒலி குழி விழுந்து கேட்கும்.

கேள்வி கேட்கும் முறை பற்றி ஒன்று. "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்றால் எல்லோருக்கும் தெரிந்த பதில் வரும். "கல்யாணத்தன்னைக்கு இந்தக் கதவை முதல்ல யார் திறப்பாக, ஆச்சி?" என்று கேளுங்கள். பேரும் பொருளும் உள்ள கேள்விக்குப் பேரும் பொருளும் உள்ள பதில் வரும். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் நான்கு நொடி சும்மா இருங்கள். நல்ல வாக்கியங்கள் பல அந்த இடைவெளியில்தான் வரும்.

ஏழாம் வாரம்: படப்பிடிப்பு

ஐந்து நிமிடப் படத்துக்கு நான்கு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். இரண்டு இடம், மூன்று பாத்திரம், இரண்டு நாள். இதற்கு மேல் போனால் முதல் படம் முடியாது. ஒரு நாளில் 20 முதல் 25 ஷாட் எடுக்க முடியும் என்று கணக்கு வையுங்கள். வெயில் தேவைப்படும் ஷாட்டுகளை அந்தந்த மணிக்குப் பூட்டிவிட்டு, நடுப்பகலை அடுப்படி, உள்ளறை, நெருக்கக் காட்சிகளுக்கு ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் மழை வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். வெளிக்காட்சி எல்லாம் காலையில். உதவிக்கு வரும் நண்பர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தாக வேண்டும். இரண்டு மணிக்கு வயிறு காய்ந்த குழு மூன்று மணி ஷாட்டைக் கெடுக்கும்.

நடிக்கப் பழகாத ஊர்க்காரர்களை எடுக்கும்போது வசனத்தைத் தாளில் கொடுக்காதீர்கள். காரியத்தைச் சொல்லுங்கள்: "இந்தச் சாவியை எப்படியாவது அவரிடமிருந்து வாங்கணும்." பேச்சை அவரவர் போக்கில் பேசட்டும். அப்பச்சி, ஆத்தா, அயித்தை என்று அந்த வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே வரும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் மேடை நாடகத் தமிழ் வரும். கையில் ஏதாவது வேலை கொடுத்தால் கேமராக் கூச்சம் பாதியாகக் குறையும்: வெற்றிலை மடிப்பது, கீரை ஆய்வது, பித்தளை துலக்குவது.

அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், ஒரு பென்டிரைவ், ஒரு மடிக்கணினி. இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்க்காமல் போனில் அழிக்காதீர்கள்.

எட்டாம் வாரம்: எடிட்டிங்

மென்பொருளுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனைத் தொடக்கத்திலேயே 25 பிரேம் என்று வையுங்கள். சாதாரணச் செயலியில் எடுத்த போன் கோப்புகளில் பிரேம் வேகம் ஏறி இறங்கும். தனியாகப் பதிவுசெய்த ஒலியோடு சேர்த்தால் சில நிமிடத்தில் உதடும் குரலும் விலகும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

முதலில் அடுக்கிய படம் பன்னிரண்டு நிமிடம் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒலியை முழுக்க அணைத்து ஒருமுறை ஓட்டுங்கள்: கதை புரிகிறதா? புரியாத இடத்தில் ஷாட் குறைகிறது அல்லது வரிசை தப்பு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள்: எங்கே இருக்கிறோம், யார் பேசுகிறார்கள் என்று தெரிகிறதா? இரண்டிலும் தேறாமல் அழகுக்காக மட்டும் நிற்கும் ஷாட்டுகளைத் தனி அடுக்கில் நகர்த்தி வையுங்கள். செட்டிநாட்டில் எடுத்த படத்தில் அவை மிகுதியாக இருக்கும். தூணும் வண்ணக் கண்ணாடியும் மனசைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து அவை இல்லாமல் படத்தைப் பாருங்கள். குறை தெரிந்தால் மட்டும் ஒன்றோ இரண்டோ திரும்பச் சேருங்கள்.

இசை கடைசி. சினிமாப் பாட்டைப் போட்டால் பதிவேற்றிய இடத்தில் உரிமைச் சிக்கல் வரும். அச்சு தட்டும் சத்தம், கொடுக்காப்புளி மரத்துக் கிளி, ஓட்டிலிருந்து முற்றத்து அண்டாவில் விழும் மழைநீர் என்று நீங்களே பதிவுசெய்தவற்றை முதலில் அடுக்கிப் பாருங்கள். பல படங்களுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

முடித்த படத்தை ஆசிரியருக்கோ போட்டிக்கோ அனுப்புமுன், அதில் இருப்பவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எந்த இடத்தில் பக்கத்திலிருப்பவரிடம் பேசத் தொடங்குகிறார்கள், எந்த இடத்தில் "இப்படிச் செய்ய மாட்டமே" என்கிறார்கள் என்று நோட்டில் குறியுங்கள். வேலை முறையில் தவறு சொன்னால் திருத்துங்கள். வீட்டு விஷயம் ஒன்றை எடுத்துவிடச் சொன்னால், அது எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். திருத்திய பிரதியைப் பென்டிரைவில் அவர்களிடம் கொடுத்துவிட்டு, அதன்பின் வெளியே அனுப்புங்கள்.